பிரெஞ்சு வினைச்சொல்: எழுதினா சரி, வாயைத் திறந்தா தப்பு. உதவி பண்ணுங்க

கருங்கல்_நர்ஸ்:
வணக்கம். நாகர்கோவில்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். கனடாவுக்கு முயற்சி பண்றதால டெஃப் கனடா பரீட்சைக்காக பிரெஞ்சு படிக்கத் தொடங்கி ரெண்டு மாசம் ஆச்சு. ஆன்லைன் கிளாஸ்தான். டியூட்டி முடிஞ்சு பஸ் ஏறினா, திங்கள்சந்தை வர்றதுக்குள்ள ஒரு வினையோட ஆறு வடிவத்தையும் நோட்டைப் பார்க்காம எழுதிருவேன். பேசினாத்தான் கோளாறு. நேத்து சொன்னது மூணும் தப்புன்னு சார் நிறுத்திட்டாரு.

‘அவங்க தமிழ் பேசுறாங்க’ன்னு சொல்ல: ‘பார்லென்ட் தமூல்’.
‘எனக்கு 30 வயசு’: ‘ழ ஸ்வி த்ராந்த் ஆன்’.
‘அவங்களுக்கு வலிக்குது’: ‘இல் ஸோன் மால்’.

‘அட்டவணையை மறுபடி படி’ன்னு சொல்லிட்டாரு. அது எனக்குத் தலைகீழாத் தெரியும். எங்க தப்பு?

தக்கலை_தம்பி:
தினமும் பத்து வினை மனப்பாடம் பண்ணுங்கக்கா. நான் ஜெர்மன் அப்படித்தான் பாஸ் ஆனேன்.

கருங்கல்_நர்ஸ்:
மனப்பாடம் இருக்கே தம்பி, அதான் சொல்றேன்.

குளச்சல்_புதுவை:
மக்களே, நான் பிறந்தது குளச்சல், பொழப்பு முழுக்க புதுச்சேரி. உனக்க அட்டவணையில குறை இல்ல. அதைத் தமிழ்க் காதோட படிச்சிருக்கே, அவ்வளவுதான்.

முதல் வாக்கியத்துல ‘அவங்க’ன்னு சொல்ற ‘இல்’ எங்க போச்சு? நாம ‘பேசுறாங்க’ன்னு சொன்னாலே ஆளு யாருன்னு தெரிஞ்சிரும், ‘அவங்க’ வேண்டாம். நமக்கு வினையோட வால்தான் பேசும். பிரெஞ்சுல வால் எழுத்துல மட்டும்தான். நான், நீ, அவன், அவர்கள் நாலுக்கும் வாயில வர்றது ஒரே ‘பார்ல்’. கடைசியில ஈ எழுது, ஈ-எஸ் எழுது, ஈ-என்-டி எழுது, ஒண்ணும் கேக்காது. நீ ‘லென்ட்’ன்னு வாசிச்சது அந்த ஊமை எழுத்தை. காதுக்கு மாறுறது ரெண்டே இடம்: நூ பார்லோன் (நாம பேசுறோம்), வூ பார்லே (நீங்க பேசுறீங்க). அதனால முன்னாடி நிக்கிற சொல்லை விட்டா, பேசுறது யாருன்னே தெரியாது. ‘இல் பார்ல் தமூல்’ன்னு சொல்லு. ஒருத்தனா பலரான்னு பிரெஞ்சுக்காரனுக்கும் பேச்சோட போக்கை வச்சுத்தான் புரியும்.

இன்னொண்ணு. ‘ழ’ன்னு எழுதியிருக்கியே, வாழைப்பழத்து ழ மாதிரி நாக்கை மடக்கியா சொல்றே?

கருங்கல்_நர்ஸ்:
ஆமா அண்ணாச்சி. தமிழ்ப் பத்திரிகையில ‘ழான்’னு அப்படித்தானே போடுறாங்க.

குளச்சல்_புதுவை:
எழுதுறதுக்கு வேற எழுத்து இல்லாம போட்டது அது. நாக்கை மடக்காதே. ‘ஷ’ சொல்லிக்கிட்டே தொண்டையில ஒலியைச் சேர்த்தா வந்துரும்.

ரெண்டாவது, வயசு. தமிழ்ல ‘எனக்கு 30 வயசு’, வினையே கிடையாது. இங்கிலீஷ்ல ‘இரு’ங்கிற வினை, அதை நினைச்சு நீ பிரெஞ்சு ‘இரு’வான எத்ர் வினையைப் (‘ஸ்வி’ அதோட வடிவம்) போட்டுட்டே. பிரெஞ்சுக்காரன் வயசை வச்சிருக்கான். ‘ழே த்ராந்த் ஆன்’, ‘வச்சிரு’ங்கிற அவ்வார் வினை. வலியையும் அப்படித்தான் வச்சிருப்பான்: தலைவலின்னா ‘ழே மால் அ லா தெத்’. உனக்க தொழிலுக்கு தினமும் வேணும்.

மூணாவதுதான் நுணுக்கம். அவ்வார் சரியா எடுத்தாலும் நம்ம வாய் மாட்டிக்கும். ‘இல் ஸோன்’னா ‘அவங்க இருக்காங்க’. ‘அவங்க வச்சிருக்காங்க’ன்னு சொல்லணும்னா, ‘இல்’லோட கடைசியில எழுதுற ஊமை எஸ்ஸும் அடுத்த உயிரும் ஒட்டி நடுவுல ஒரு இசட் பிறக்கும். எழுதினா ‘இல் ஃஸோன்’னு வச்சுக்கோ. வித்தியாசம் அந்த ஒத்தை ஒலிதான். நாம ஸீரோ வாட் பல்புன்னு சொல்லும்போதே இசட்டை எஸ் ஆக்கிட்ட ஆளுங்க. தொண்டையில விரல் வச்சுப் பாரு. எஸ்ஸுக்கு அசையாது, இசட்டுக்கு வண்டு மாதிரி ரீங்கரிக்கும்.

நோட்டை மூடு. ‘இல் ஸோன் மலாத்’ (அவங்க நோயாளியா இருக்காங்க), ‘இல் ஃஸோன் மால்’ (அவங்களுக்கு வலிக்குது), ரெண்டையும் மாத்தி மாத்தி போன்ல பதிவு பண்ணிக் கேளு.

மார்த்தாண்டம்_மாணவி:
அக்கா, ஒரு சுருக்குவழி. பேச்சுல ‘நாம’க்கு ‘நூ’வை விட ‘ஓன்’தான் அதிகம் வரும். அதுக்கும் வினை அதே ‘பார்ல்’தான், ‘பார்லோன்’ வேண்டாம். எழுத்துத் தேர்வுல ‘நூ’ போட்டுக்குங்க. அப்புறம், ‘வூ’வுக்கு வால் ‘எ’ ஒலிதான், விலக்கு மூணு வினைதான்: எத் (இருக்கீங்க), ஃபெத் (செய்றீங்க), தித் (சொல்றீங்க). எனக்கு அதெல்லாம் கிளாஸ்ல உக்காந்தாத்தான் ஏறுது. களியக்காவிளை தாண்டிப் போக முடிஞ்சா திருவனந்தபுரத்துல அலியான்ஸ் பிரான்செஸ் இருக்கு.

கருங்கல்_நர்ஸ்:
நைட் டியூட்டி வச்சுக்கிட்டு அங்க போக முடியாது மோளே.

(மூணு நாள் கழிச்சு)
அண்ணாச்சி, பஸ்ல தொண்டையில விரல் வச்சிக்கிட்டு ‘ஃஸோன், ஸோன்’னு சொன்னதுல பக்கத்து சீட்டு அம்மா, ‘சளியா பிள்ளே, சுக்கு போட்டுக் குடி’ன்னாங்க. ஆனா இன்னைக்கு மூணு வாக்கியமும் சார் ஒத்துக்கிட்டாரு. அடுத்ததுல மாட்டிட்டேன். ‘நேத்து டியூட்டிக்குப் போனேன்’னு சொல்ல ‘ழே அலே’ன்னேன். தப்பாம்.

குளச்சல்_புதுவை:
போறது, வர்றது, பிறக்கிறது, சாகிறதுக்கெல்லாம் இறந்தகாலத்துல அவ்வார் கிடையாது, எத்ர்தான். ‘ழ ஸ்வி அலே’. எழுதும்போது நீ பொம்பளப்பிள்ள, கடைசியில இன்னொரு ஈ போடணும். அதுவும் ஊமை.

கருங்கல்_நர்ஸ்:
அந்த ஈயை சிவப்பு மையில எழுதியாச்சு அண்ணாச்சி. ஸ்டாப் வந்துட்டு, இறங்கட்டும்.