மறு: 'பரப்பு மெருகூட்டல்' வேண்டாம், பிளாக் முகத்துக்கு வேறு சொல் பார்ப்போம்

> ஹெட் கேஸ்கட் மாற்றும்போது பிளாக்கின் மேல்பக்கத்தைத் தயார் செய்வதற்கு 'பரப்பு மெருகூட்டல்' என்று வைத்துக்கொள்ளலாமா?

நம் எஞ்சின் கையேட்டுச் சொற்பட்டியலில் இதை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. (புதிதாகப் படிப்பவருக்கு: பிளாக் என்பது சிலிண்டர்கள் இருக்கிற எஞ்சின் உடல், ஹெட் அதன் மேல் மூடி, ஹெட் கேஸ்கட் இரண்டுக்கும் நடுவே கசிவை அடைக்கிற தகடு.) சொல் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் ஐடிஐ பையன் ஒருவன் கையேட்டில் இதைப் படித்துவிட்டு என்ன செய்வான் என்று யோசித்துப் பாருங்கள். மெருகு என்றால் பளபளப்பு. உடனே டிரில்லில் எமரி டிஸ்க்கை மாட்டி, முகம் தெரிகிறவரை ஓட்டுவான். அதுதான் செய்யவே கூடாத வேலை. டிஸ்க் எங்கே கூடுதலாக நிற்கிறதோ அங்கே பள்ளம் விழும், கண்ணுக்கும் தெரியாது; இரண்டு சிலிண்டருக்கு நடுவே இருக்கிற ஒடுக்கமான இடத்தில் அப்படி விழுந்தால், புது கேஸ்கட் போட்டும் அங்கேயே மறுபடி ஊதிக்கொள்ளும். உதிர்கிற துகள் ஆயில் வழியாக இறங்கி பேரிங்கைத் தின்பது தனிக் கதை.

சரி, அப்படியானால் உண்மையில் அங்கே என்னதான் வேலை? பழைய கேஸ்கட் மிச்சத்தைச் சுரண்ட வேண்டும். வார்ப்பிரும்பு பிளாக் என்றால் இரும்புச் சுரண்டி தாங்கும், அலுமினியம் என்றால் பிளாஸ்டிக் சுரண்டிதான். சுரண்டுமுன் சிலிண்டரிலும் தண்ணீர், ஆயில் துளைகளிலும் துணி அடைக்க வேண்டும். பிசுக்குப் போகத் துடைக்க வேண்டும். அப்புறம் போல்ட் துளைகள், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அடி மூடிய துளையில் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால், போல்ட்டை முறுக்கும்போது அது போக வழியில்லை; டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கிற ஸ்பேனர்) சரியான அளவைக் காட்டும், ஹெட் இறுகியிருக்காது, முறுக்கு மிஞ்சினால் பிளாக்கே விரிசல் விடும். கடைசியில் மட்டம் பார்ப்பது: ஸ்ட்ரெயிட் எட்ஜை (விளிம்பு நேரான இரும்புச் சட்டம்) நீளவாக்கில், குறுக்குவாக்கில், இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பல எஞ்சின்களுக்கு 0.05 மில்லிமீட்டர் தகடே நுழையக் கூடாது, சிலவற்றுக்கு 0.1 வரை விடுவார்கள். அந்தந்த எஞ்சினின் மேனுவல் சொல்வதுதான் முடிவு.

இதில் மெருகு எங்கே வருகிறது? 'பரப்பு' என்பதும் போதவில்லை, போல்ட் துளை பரப்பில் சேராதே.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. எவ்வளவு வழவழப்பு வேண்டும் என்பதை கேஸ்கட்தான் தீர்மானிக்கிறது. பல அடுக்கு எஃகு கேஸ்கட்டுக்கு ஆர்ஏ (Ra, சராசரி சொரசொரப்பு) அளவு பொதுவாக 1.25 மைக்ரோமீட்டருக்குள் இருக்கச் சொல்வார்கள். கிராஃபைட் கேஸ்கட் அதைவிடச் சொரசொரப்பைப் பொறுத்துக்கொள்ளும், அதற்கு முகம் ரொம்பவும் வழுக்கினால் பிடிமானம் இல்லாமல் நகரப் பார்க்கும். இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கிற எஞ்சினில், சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால், வண்டி சூடாகி ஆறுகிற ஒவ்வொரு தடவையும் இரண்டும் நடுவில் இருக்கிற கேஸ்கட்டை இழுத்து உரசிக்கொண்டே இருக்கும். ஆகவே 'வழவழப்பாக்கல்' என்று முந்தாநாள் வந்த மாற்றுச் சொல்லும் இதே காரணத்துக்காக விழுந்துவிடுகிறது.

என் பரிந்துரை: முகந்திருத்தல்.

முகம் ஏன் என்றால், மதுரை புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத்துப் பட்டறையில் "பேஸ் எப்படி இருக்குண்ணே" என்றுதான் கேட்கிறோம், அதன் நேர்ச் சொல் அது. திருத்தல் நம் ஊர் சம்சாரிகளின் சொல். 1895இல் பெரியாற்று அணை வந்து மேலூர் வரைக்கும் தண்ணீர் பாய்ந்தபோது புன்செயை நன்செயாகத் திருத்தினார்கள். கல் பொறுக்கி, முள் வெட்டி, மேடு பள்ளம் நிரவி, போடப்போகிற பயிருக்கு ஏற்றபடி ஆக்குகிற மொத்த வேலைக்கும் அந்த ஒரு வினை போதுமாக இருந்தது. இங்கேயும் போடப்போகிற கேஸ்கட்டுக்கு ஏற்றபடி என்பதுதானே விஷயம்.

சலூன் வாசனை அடிக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். அடிக்கட்டும். எஞ்சின் கையேட்டில் படிக்கிறவன் முடிதிருத்தகத்தை நினைத்துக் குழம்பப் போவதில்லை.

ஆனால் இதையும் மெஷினில் கொடுத்து மேலே ஒரு படலம் எடுப்பதையும் ஒரே சொல்லில் போட்டு அடைக்காதீர்கள். அது வேறு ஆள், வேறு காசு. அதற்கு 'முகஞ்சீவல்' என்று வைக்கலாம், சீவுளி நம் ஆசாரிகளிடம் இருக்கிற கருவிதான். பிளாக்கைச் சீவினால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இடைவெளி குறையும். அந்த இடைவெளியைச் சரியாக வைக்கத்தான் பல டீசல் எஞ்சின்களுக்கு ஓரத்தில் வெட்டுக்குறி போட்டு வெவ்வேறு தடிமனில் கேஸ்கட் விற்கிறார்கள். வெட் லைனர் (வெளிப்பக்கம் கூலன்ட் படுகிற, கழற்றி மாட்டும் சிலிண்டர் குழாய்) உள்ள டிராக்டர் எஞ்சினில் லைனரின் உதடு பிளாக்குக்கு மேலே துளி எழும்பி நிற்க வேண்டியது, லைனரைக் கழற்றாமல் அங்கே சீவவே முடியாது. திருத்தல் எல்லா வண்டிக்கும் உண்டு, சீவல் மட்டம் தவறியதற்கு மட்டும். (ஹெட்டைத் 'தலை' ஆக்க யாரும் கிளம்ப வேண்டாம், 'தலை சீவல்' என்று வந்து நிற்கும்.)

> கேஸ்கட்டுக்கும் சேர்த்து ஒரு சொல் பார்த்துவிடலாமே?

அது இப்போது வேண்டாம். கடைக்காரர் கேஸ்கட் என்கிறார், பழைய மெக்கானிக் பேக்கிங் என்கிறார், இரண்டும் எல்லோருக்கும் புரிகிறது. பட்டியலில் 'கேஸ்கட்' என்றே இருக்கட்டும்.

விளக்கக் குறிப்பு இப்படி இருக்கலாம்: "முகந்திருத்தல்: புது கேஸ்கட் போடுமுன் பிளாக், ஹெட் முகங்களையும் போல்ட் துளைகளையும் சுத்தம் செய்து, மட்டமும் சொரசொரப்பும் அந்தக் கேஸ்கட்டுக்கு உரிய அளவில் உள்ளனவா என்று சரிபார்த்தல்." நீளம் என்றால் வெட்டுங்கள், போல்ட் துளையை மட்டும் வெட்டிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் இரண்டு சொல்லையும் பட்டியலில் ஏற்றிவிடலாம்.