லெஸ்டரில் படிக்கும் மகளுக்கு டிவி லைசென்ஸ் கடிதம்: ஆள் வந்தால் கதவைத் திறக்கணுமா?

திருநகர் அப்பா

எல்லாருக்கும் வணக்கம். மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒரே வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள். குடி போன நாளிலிருந்து டிவி லைசென்ஸ் (டிவி பார்க்க அங்கே கட்டும் வருஷக் கட்டணம்) கேட்டு மூணு கடிதம் வந்துவிட்டது. எதிலும் பெயர் கிடையாது, ‘சட்டப்படி குடியிருப்பவர்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. மூணாவது கடிதத்தில் சிவப்பு எழுத்தில் விசாரணைக்கு ஆள் வருவார், கோர்ட்டுக்குப் போகும், 1,000 பவுண்டு வரை அபராதம் என்று இருக்கிறது.

ஹாலில் வீட்டுக்காரர் வைத்த பழைய டிவி ஒன்று நிற்கிறது. பிள்ளைகள் அதைப் போடுவதே இல்லை. பார்ப்பதெல்லாம் செல்லிலும் லேப்டாப்பிலும்தான். கூட இருக்கும் ஒரு பிள்ளை “போலீஸ் வரும், விசா போயிரும்” என்று சொன்னதில் இவளும் பயந்துவிட்டாள், இங்கே வீட்டில் அவள் அம்மாவுக்கும் தூக்கம் இல்லை. டிவி வைத்திருப்பதே தப்பா? ஆள் வந்தால் உள்ளே விடணுமா? விசாவுக்குப் பாதிப்பு உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை

அண்ணே, முதலில் அம்மாவை நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் ஆளுக்கு வந்தது இல்லை, முகவரிக்கு வந்தது. அந்த முகவரியில் லைசென்ஸ் பதிவு இல்லையென்றால் கணினியே வரிசையாக அனுப்பிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் காரமாக இருக்கும். அது கடன் பாக்கியும் இல்லை, கோர்ட் நோட்டீசும் இல்லை. கிரெடிட் ஸ்கோர் கெடாது.

நம்மூர் ஆட்கள் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. இங்கே ஒரு காலத்தில் ரேடியோ வைத்திருந்தாலே போஸ்ட் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கணும். பெட்டி வீட்டில் இருப்பதே கணக்கு. எண்பதுகளில் அதை எடுத்துவிட்டார்கள், ஆனால் அந்த நினைப்பு பெரியவர்கள் மனதில் அப்படியே இருக்கிறது. பிரிட்டனில் கணக்கு வேறு. 2003-ஆம் ஆண்டு தகவல் தொடர்புச் சட்டத்தின் 363-ஆம் பிரிவு, ஒளிபரப்பைப் பெறுவதற்காகக் கருவியைப் பொருத்துவதையும் பயன்படுத்துவதையும்தான் பிடிக்கிறது. டிவி சும்மா நின்றாலோ, அதில் நெட்ஃபிளிக்ஸ் மட்டும் ஓடினாலோ லைசென்ஸ் வேண்டியதில்லை.

அதேபோல, டிவிப் பெட்டி இல்லை, செல்தானே என்றும் தப்பிக்க முடியாது. லைசென்ஸ் வேண்டியது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, எந்த டிவி சேனலையும் அது ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் பார்ப்பது அல்லது பதிவு செய்வது. எந்த நாட்டுச் சேனல், எந்த மொழி, எந்தக் கருவி என்பது கணக்கே இல்லை. இரண்டு, பிபிசி ஐபிளேயரில் (பிபிசியின் இணைய வீடியோ ஆப்) எதைப் பார்த்தாலும், பழைய நிகழ்ச்சி ஆனாலும் வேண்டும். ஐபிளேயர் விதி 2016 செப்டம்பர் 1 முதல்.

இதை நம்ம பிள்ளைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். ராத்திரி 7.30 மணி ஐபிஎல் மேட்ச் அங்கே மதியம் 3 மணி. அதைச் செல்லில் நேரலையாகப் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். சன் டிவி சீரியலை இங்கே ஓடும் நேரத்திலேயே ஆப்பில் பார்த்தாலும் வேண்டும். அதே சீரியலை மறுநாள் எபிசோடாக எடுத்துப் பார்த்தால் வேண்டாம். யூடியூபில் ஏற்றிவைத்த வீடியோ வேண்டாம். யூடியூபிலேயே ஒரு செய்திச் சேனலின் நேரலை ஓடினால் வேண்டும். ரேடியோவுக்கு எங்கே கேட்டாலும் வேண்டாம்.

ஆகவே கடிதத்துக்குப் பதில் யோசிப்பதற்கு முன்னால் நாலு பேரும் உட்கார்ந்து, கடந்த ஒரு மாதத்தில் யார் எதை நேரலையாகப் பார்த்தார்கள் என்று மறைக்காமல் பேசணும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று: மாதம் சில பவுண்டுக்கு எல்லாத் தமிழ்ச் சேனலும் வரும் என்று ஒரு பெட்டி விற்பார்கள். அது லைசென்ஸ் விவகாரத்தையும் தாண்டிய சட்டமீறல். பிள்ளைகளை அதைத் தொடவே விடாதீர்கள்.

---

தல்லாகுளம் வக்கீல் வீடு

வாசலில் ஆள் நின்றால் என்ன செய்வது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

வருபவர் போலீஸ் இல்லை. பிபிசிக்காக இந்த வேலையை ஒப்பந்தத்தில் செய்வது காபிட்டா என்ற தனியார் நிறுவனம், வருபவர் அதன் ஊழியர். நம்மூர் ஈ.பி. பறக்கும் படையோடு இவரை ஒப்பிடாதீர்கள். மின்சாரத் திருட்டு என்று சந்தேகம் வந்தால் அவர்களுக்கு 2003 மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவே நுழையும் அதிகாரம் தருகிறது. (அதிலும் சூரியன் மறைந்த பிறகு, அந்த வீட்டில் குடியிருக்கும் வயது வந்த ஆண் ஒருவர் இல்லாமல் வீட்டுக்குள் சோதனை போடக்கூடாது என்று அதே பிரிவு தடுக்கிறது. பலருக்கு இது தெரியாது.) லைசென்ஸ் ஊழியருக்கு அப்படி எந்த அதிகாரமும் கிடையாது. வீட்டில் இருப்பவர் சம்மதித்தால் மட்டுமே வாசற்படி தாண்டலாம்.

சம்மதம் இல்லாமல் நுழையணும் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் தேடுதல் வாரண்ட் வாங்கணும். அதற்கு நியாயமான சந்தேகத்துக்கு ஆதாரம் காட்டணும், கதவைச் சாத்தினார்கள் என்பது மட்டும் ஆதாரம் ஆகாது. அபூர்வமாகத்தான் வாங்குகிறார்கள். ஆனால் உண்மையான வாரண்ட் கையில் இருந்தால் மறிக்கக் கூடாது. மறிப்பது தனிக் குற்றம். வாரண்டை வாங்கி முகவரியும் தேதியும் சரியா என்று படித்துவிட்டு விடணும்.

வாரண்ட் இல்லாமல் வந்தால்: கதவுச் சங்கிலியைப் போட்டபடியே அடையாள அட்டையைக் காட்டச் சொல்லலாம். “வேண்டாம், நன்றி” என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தலாம். பெயர் சொல்லும் கட்டாயம் இல்லை. கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயமும் இல்லை. கத்தவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம்.

பிள்ளைகள் மாட்டுவது எங்கே என்றால், பேச்சில். அவர் முதலில் ஒரு எச்சரிக்கை வாசகம் படிப்பார்: நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் அது சாட்சியமாகலாம் என்ற பொருளில். அதைப் படித்த நிமிஷத்திலிருந்து அது குற்ற விசாரணை. பிறகு ஒரு படிவத்தை எடுப்பார், அதற்கு டிவிஎல்-178 என்று பெயர். கடைசியாக எப்போது டிவி பார்த்தீர்கள், என்ன நிகழ்ச்சி, எத்தனை மாதமாக என்று கேட்டு எழுதி, கீழே கையெழுத்துக் கேட்பார். பெரும்பாலான வழக்குக்கு முதுகெலும்பே அந்தக் கையெழுத்துதான். நம்ம பிள்ளைகள் பெரியவர் கேட்கிறாரே என்று மரியாதைக்குப் பதில் சொல்லி, “போன வாரம் மேட்ச் பார்த்தோம் சார்” என்று அவர்களே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். கையெழுத்துப் போடச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. இதை மகளிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

இந்தக் குற்றத்தில் தண்டிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பகலில் வீட்டில் இருந்து கதவைத் திறப்பது அவர்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். டிவி பார்ப்பது வீட்டில் உள்ள எல்லாரும், வழக்கில் பெயர் ஏறுவது வாசலில் நின்ற ஒருத்தி. எனக்கு மனசு ஆறாத விஷயம் இது. நாலு பேரில் உங்கள் மகள்தான் கதவைத் திறக்கிறவள் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

விசா பற்றி: கடிதம் வந்தது, ஆள் வந்தது எல்லாம் விசாவைத் தொடாது. இந்தக் குற்றத்துக்குச் சிறைத் தண்டனையும் இல்லை, அபராதம் மட்டுமே. அந்த அபராதத்தை வேண்டுமென்றே கட்டாமல் விட்டால்தான் சிறைப் பேச்சு வரும். ஆனால் கோர்ட் அபராதம் விதித்துவிட்டால் அது தண்டனைதான். அடுத்த விசா படிவத்தில் தண்டனை பற்றிய கேள்விக்கு அதை மறைக்கக் கூடாது. மறைப்பதுதான் பெரிய சேதம்.

இங்கிலாந்தில் இந்த வழக்குகள் தனி மாஜிஸ்திரேட் முறையில், யாரும் நேரில் போகாமல் காகிதத்திலேயே முடியும். அந்த நோட்டீஸ் பெயரோடு வரும், பதில் சொல்ல 21 நாள். ‘சட்டப்படி குடியிருப்பவர்’ கடிதத்தைக் குப்பையில் போடலாம், பெயர் போட்ட கோர்ட் நோட்டீசைப் போடக் கூடாது. பதில் போகாவிட்டால் நம் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு எழுதி, அபராதத்தோடு செலவுத் தொகையும் சேர்த்துவிடுவார்கள்.

---

ஒத்தக்கடை

மாணவர்களுக்கு விலக்கு உண்டு என்று படித்தேனே? செல் பேட்டரியில் ஓடினால் லைசென்ஸ் வேண்டாம், அப்பா அம்மா லைசென்ஸே போதும் என்று. அப்படியானால் கவலையே இல்லையே?

---

வைகைக்கரை

தம்பி, அந்த விலக்கு உண்மைதான், ஆனால் நம்ம பிள்ளைகளுக்குப் பொருந்தாது. கல்லூரி இல்லாத நாட்களில் மாணவர் வசிக்கும் முகவரிக்கு லைசென்ஸ் இருக்கணும் என்பது முதல் நிபந்தனை. அதாவது அங்கேயே பெற்றோர் வீடு இருந்து, அங்கே லைசென்ஸ் கட்டியிருக்கணும். திருநகர் வீட்டுக்கு ஏது பிரிட்டன் லைசென்ஸ்? வாட்ஸ்ஆப்பில் பாதி விதிதான் சுற்றுகிறது.

விலக்கு உள்ள பிள்ளைகளுக்கும் ஒரு கண்ணி உண்டு. கருவி அதன் உள் பேட்டரியில் மட்டும் ஓடணும். மேட்ச் பார்க்கும்போது சார்ஜ் இறங்குகிறதே என்று சுவரில் சொருகினால் அந்த நிமிஷம் விலக்கு போச்சு.

திருநகர் அண்ணனுக்கு: யாரும் நேரலை பார்ப்பதில்லை என்று நாலு பேரும் உறுதியாகச் சொன்னால், லைசென்ஸ் இணையதளத்தில் ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்ற அறிவிப்பைப் பதியலாம். பெயர், முகவரி, மின்னஞ்சல் கேட்கும். சுமார் இரண்டு வருஷத்துக்குக் கடிதம் வருவது நின்றுவிடும். சரிபார்க்க ஆள் வரலாம், அப்போதும் மேலே வக்கீல் வீட்டுக்காரர் சொன்னதுதான். ஒருத்தர் பார்த்தாலும் அறிவிப்பு பொய்யாகிவிடும், அப்போது பதியவே கூடாது.

ஹால் டிவியின் பின்னால் தடித்த ஏரியல் ஒயர் ஒன்று சுவர் சாக்கெட்டுக்குப் போகும். அதைக் கழற்றிச் சுருட்டி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். டிவி மெனுவில் சேனல்களை அழித்துவிடலாம். ஸ்மார்ட் டிவியாக இருந்தால் ஐபிளேயர் ஆப்பையும் எடுத்துவிடலாம். சட்டம் இதைக் கட்டாயமாகக் கேட்கவில்லை, ஆனால் விருந்துக்கு வந்த யாரோ ரிமோட்டை அமுக்கி பிபிசி ஓடும் பேச்சே இருக்காது.

---

தல்லாகுளம் வக்கீல் வீடு

வைகைக்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அறிவிப்பு பதிவது வசதிக்காக, கடமை இல்லை. லைசென்ஸ் தேவைப்படாத வீட்டில் குடியிருப்பவர் கடிதத்துக்குப் பதிலே போடாமல் இருக்கவும் முழு உரிமை உண்டு. அறிவிப்பில் பெயரை நாமே கொடுக்கிறோம் என்பதால் அங்கே பலர் பதிவதில்லை.

இன்னொரு வழி, வாசல்வரை வரும் அனுமதியை எழுத்தில் ரத்து செய்வது. தபால்காரர் மாதிரி யாரும் வாசல் மணியை அடிக்கலாம் என்று இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் ஒரு மறைமுக அனுமதி உண்டு. அதைக் குடியிருப்பவர் விலக்கிக்கொள்ளலாம். கடிதம் கொடுத்தால் அந்த முகவரிக்கு ஆள் அனுப்புவதை நிறுத்துவார்கள். வாரண்ட் கேட்கும் உரிமை மட்டும் அவர்களிடம் இருக்கும். ஒரு வருஷம் தங்கப்போகும் மாணவர்களுக்கு இது அதிகப்படி என்பது என் எண்ணம். அறிவிப்பே போதும்.

---

திருநகர் அப்பா

ரொம்ப நன்றி. மகளிடம் பேசிவிட்டேன். கூட இருக்கும் பிள்ளைகளில் ஒருத்தி ஐபிஎல் நேரலைதான் பார்க்கிறாளாம், விடமாட்டேன் என்கிறாள். அப்படியானால் வாங்கிவிடுவதுதானே நேர்? ஆளுக்கு ஒன்று வாங்கணுமா, வீட்டுக்கு ஒன்றா? ஜூலையில் படிப்பு முடிந்து வீட்டைக் காலி செய்தால் மிச்சப் பணம் என்ன ஆகும்?

---

வைகைக்கரை

நேரான முடிவு அண்ணே. நாலு பேரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பதால் ஒரு லைசென்ஸ் போதும். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால்தான் அவரவருக்குத் தனியாக வேண்டும். ஹாஸ்டல் அறை என்றாலும் தனிதான். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் நாலு பெயரும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாடகையிலேயே லைசென்ஸ் அடக்கம் என்று எழுதியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

2025 ஏப்ரல் 1-இல் கட்டணம் 174 பவுண்டு 50 பென்ஸ் ஆனது. ஏப்ரல்தோறும் மாறக்கூடும், வாங்கும் அன்றைய தொகையைப் பாருங்கள். அந்தக் கணக்கில் நாலாகப் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 43 பவுண்டு 63 பென்ஸ். யார் பெயரில் வாங்கினாலும் முகவரிக்குத்தான் பொருந்தும். மின்னஞ்சலில் வரும் லைசென்ஸ் எண்ணை நாலு பேரும் செல்லில் படம் எடுத்து வைக்கணும், ஆள் வந்தால் எண்ணைச் சொன்னால் போதும்.

லைசென்ஸ் முடிய முழு மாதம் ஒன்றாவது மிச்சம் இருந்து, இனிமேல் தேவையில்லை என்றால் பணம் திருப்பிக் கேட்கலாம். அக்டோபர் 1-இல் வாங்கி ஜூலைக் கடைசியில் காலி செய்தால் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதத்துக்கு விண்ணப்பிக்கலாம். திருப்பும் பணம் வந்து சேரும்வரை அங்கத்திய வங்கிக் கணக்கை மூட வேண்டாம், பிள்ளைகள் அவசரத்தில் அதை முதலில் மூடிவிட்டுத் திண்டாடுவார்கள்.

வாங்குவதற்கு மின்னஞ்சலில் வரும் இணைப்பைத் தொடக் கூடாது. ‘உங்கள் லைசென்ஸ் காலாவதி’ என்று கார்டு எண் பறிக்கும் போலி மின்னஞ்சல் ஏராளம் சுற்றுகிறது. முகவரியைக் கையாலேயே டைப் பண்ணி உள்ளே போகணும். போலி மின்னஞ்சலில் பெரும்பாலும் பெயர் இருக்காது, ‘அன்பான வாடிக்கையாளர்’ என்று ஆரம்பிக்கும்.