ஊருக்கு வந்து மூன்று இடத்தில் மாறி மாறி உட்கார்ந்து வேலை பார்க்கிறேன், ஒன்றும் நகரவில்லை

ரெட்டியார்பாளையம்_பையன்
வணக்கம். வெளிநாடு போய் நான்கு மாதம்தான் ஆகிறது. அம்மா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் என்றதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பாண்டிக்கு ஓடி வந்துவிட்டேன். கம்பெனி வேலையை இங்கிருந்தே பார்க்கிறேன். காலையில் மருத்துவமனை வராந்தா, மதியம் வீடு, சில நாள் இரவில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அத்தை வீடு, அங்கேதான் நெட் நன்றாக இருக்கிறது. நாள் முழுக்க லேப்டாப் மடியில்தான் இருக்கிறது, ஆனால் உருப்படியாக ஒரு வேலை முடிவதில்லை. கவனம் நிற்கவே மாட்டேன் என்கிறது. திங்கட்கிழமை தனியாகப் பேச வேண்டும் என்று மேனேஜர் மெயில் போட்டிருக்கிறார். இடம் மாறி மாறி வேலை பார்ப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அவசரம்.

கெடிலக்கரை
தம்பி, அம்மா சீக்கிரம் எழுந்து நடக்கட்டும். நான் டொரண்டோ. ஊருக்கு வந்தால் இரவில் விழித்திருப்பதுதான் ஒரே வழி. நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிய பிறகு ஊருக்கும் எங்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். மாலை 7.30க்கு உட்கார்ந்து விடியற்காலை 4 மணிக்கு எழுந்திருங்கள், பகலில் தூங்குங்கள். நாங்கள் வந்த புதிதில் பட்ட பாட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. ஜனவரியில் ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மெண்டில் இறங்கினேன். ஜன்னல் முழுக்கப் பனி, மேலே வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் போட்டால் என் மேசை ஆடும். அதில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தேன்.

வில்லியனூர்_அக்கா
ராத்திரி விழிக்கச் சொல்லாதீர்கள். பகலில் அம்மாவை யார் பார்ப்பது? நான் ஷார்ஜாவில் இருக்கிறேன், ஊருக்கும் எங்களுக்கும் ஒன்றரை மணி நேரம்தான், அதுவே தள்ளாட வைக்கிறது. லீவு போட்டுவிடு தம்பி. வேலை நாளைக்கும் கிடைக்கும்.

ஓடி_கடலூர்
நான்காவது மாதத்தில் லீவு போடச் சொல்வது சரியான யோசனை இல்லை அக்கா. ப்ரோபேஷனில் இருப்பார். என் அனுபவத்தில் பெரிய தொல்லை நெட் இல்லை, சொந்தக்காரர்கள். பையன் வீட்டில் இருந்தால் சும்மா இருக்கிறான் என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். மீட்டிங் நடுவில் "கேஸ் புக் பண்ணிடேன்", "மாமாவை பஸ் ஸ்டாண்டில் விட்டுட்டு வந்துடேன்". கதவைச் சாத்தினால் கோபம்.

வில்லியனூர்_அக்கா
அது உண்மை. போன தடவை வந்தபோது என் மாமியார் வீட்டில், கேமரா ஓடும்போதே பக்கத்தில் வந்து நின்று யார் இவர் என்று கேட்டார்கள்.

முத்தியால்பேட்டை
தம்பி, எந்த நாடு, என்ன வேலை என்றே சொல்லவில்லையே. ஊரிலிருந்து வேலை பார்க்கக் கம்பெனி எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறதா?

கெடிலக்கரை
கரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது மழைக்காலம். 2011 டிசம்பர் 30 தானே புயலில் கடலூர் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். பண்ருட்டியில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஓடி_கடலூர்
அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல். பாண்டியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகரில் வீட்டுக்குள் தண்ணீர். அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை கடலூர் பக்கம் ஊருக்குள் வந்தது. ஒவ்வொரு வருஷமும் வாய்க்காலைத் தூர்வாரினார்கள் என்று கேள்விப்படுகிறோம், ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் நிற்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு போனில் அம்மா அப்பாவிடம் மாடிக்குப் போங்கள் என்று கத்துவதைத் தவிர நம்மால் என்ன முடிகிறது?

ரெட்டியார்பாளையம்_பையன்
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஜெர்மனி. சாஃப்ட்வேர் டெஸ்டிங். ப்ரோபேஷன்தான். ஒரு வாரம் ஊரிலிருந்து பார்க்கலாம் என்று மேனேஜர் வாயால் சொன்னார், இப்போது மூன்றாவது வாரம். தங்கை இருக்கிறாள், காலேஜ் முடிந்து மதியத்துக்கு மேல் வருவாள்.

முத்தியால்பேட்டை
சரி, இப்போது பேசலாம். நானும் ஜெர்மனியில்தான் இருக்கிறேன். கவனம் நிற்காததற்கு இடத்தை விட இந்த அனுமதி விஷயம்தான் காரணம் என்று தோன்றுகிறது. தலைக்கு மேல் அது தொங்கும்போது எங்கே உட்கார்ந்தாலும் வேலை ஓடாது. திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே மெயில் எழுதுங்கள். அம்மாவின் நிலை, எந்தத் தேதி வரை ஊரில் இருப்பீர்கள், எந்த நேரத்தில் கிடைப்பீர்கள் என்று மூன்றையும் எழுதி, பதிலை எழுத்தில் கேளுங்கள். வாடிக்கையாளர்களின் உண்மையான தரவை வைத்து டெஸ்ட் செய்கிறீர்கள் என்றால் அதையும் கேளுங்கள். தனிநபர் தரவுக்குப் போதுமான பாதுகாப்பு உள்ள நாடுகள் என்று ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் இந்தியாவிலிருந்து அதைத் திறக்கவே சில கம்பெனிகள் விடாது. ப்ரோபேஷனில் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிட முடியும், அதனால் அவர்களாகக் கண்டுபிடிக்கும் முன் நீங்களே கேட்டுவிடுவது நல்லது.

லீவைப் பற்றி இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி. ஜெர்மனியில் முதல் ஆறு மாதத்திலும் முடிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் வருட லீவில் 12இல் ஒரு பங்கு சேரும். வாரம் ஐந்து நாள் வேலைக்குச் சட்டப்படி குறைந்தது 20 நாள், அப்படியென்றால் உங்களுக்கு ஆறேழு நாளாவது இருக்கும். அதை டிஸ்சார்ஜுக்கும் அம்மாவை நடக்கப் பழக்கும் முதல் நாட்களுக்கும் வையுங்கள். அன்றைக்கு லேப்டாப் வேண்டாம்.

மற்ற நாளில் காலையை அம்மாவுக்கே முழுதாகக் கொடுத்துவிடுங்கள். ஜெர்மனியில் காலை 9 என்றால் இப்போது ஊரில் மதியம் 1.30, டீம் மாலை 5.30க்கு முடிக்கும்போது உங்களுக்கு இரவு 10. டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதும் காலையில்தான். தங்கை வந்ததும் நீங்கள் வீட்டுக்குப் போய் உட்காரலாம். வராந்தாவில் காலை 7 மணிக்கே லேப்டாப்பைத் திறப்பதால் யாருக்கும் லாபமில்லை. இரவு 10க்கு முடித்தால் அடுத்த வேலைக்கு முன் 11 மணி நேர ஓய்வு ஜெர்மனியில் சட்டமே. தங்கை வரத் தாமதமாகும் நாளில், மருத்துவமனையில் நெட் தேவைப்படாத வேலையை மட்டும் எடுங்கள். டெஸ்ட் கேஸ் (எதை எப்படிச் சோதிப்பது என்ற குறிப்பு) எழுதுவது, முன்னமே இறக்கி வைத்த ஆவணத்தைப் படிப்பது போல. நடுவில் நர்ஸ் கூப்பிட்டால் விட்டுவிட்டுப் போகலாம், திரும்பி வந்து தொடரலாம். பிழையைத் தேடிப் பிடிக்கும் வேலையை அங்கே தொடவே வேண்டாம்.

கடலூருக்கு ஓடுவதையும் நிறுத்துங்கள். 22 கிலோமீட்டர்தான், ஆனால் முருங்கப்பாக்கம், தவளக்குப்பம் நெரிசலைத் தாண்டிப் போய் உட்காரும்போது உடம்பு ஓய்ந்துவிடும். வீட்டு நெட்டைச் சரிசெய்யுங்கள். கரண்ட் போனாலும் ரவுட்டர் ஓட ஒரு மினி யுபிஎஸ், போனில் வேறு கம்பெனியின் இரண்டாவது சிம், ஹாட்ஸ்பாட்டுக்கு. புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் முன்கூட்டியே டீமிடம் சொல்லிவிடுங்கள், டவரும் படுத்துவிடும்.

ஓடி_கடலூர்
கடலூரிலேயே தங்க வேண்டி வந்தாலும் பயப்பட வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தினால் பெரும்பாலும் காலை 9க்குப் போய் மதியம் 2 மணிவாக்கில் வந்துவிடும். ஜெர்மனி நேரத்துக்கு அது பெரிதாகக் குறுக்கே வராது.

ரெட்டியார்பாளையம்_பையன்
மெயில் அனுப்பிவிட்டேன். தங்கையிடமும் பேசிவிட்டேன், 1 மணிக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். யுபிஎஸ் எந்த மாதிரி வாங்குவது அண்ணே?

முத்தியால்பேட்டை
ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட் என்றிருக்கிறதா 9 என்றிருக்கிறதா, எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதற்குச் சரியானதை வாங்குங்கள். ஃபைபருக்குத் தனிப் பெட்டி இருந்தால் அதற்கும் ஒன்று வேண்டும், ரவுட்டர் மட்டும் ஓடினால் நெட் வராது.