தொக்வில் சொல்வது நம் தீவுக்குப் பொருந்துமா?

ரோஸ் ஹில் வாசகன்:
பிரெஞ்சுச் சிந்தனையாளர் தொக்வில் 1856-இல் வெளியிட்ட 'பழைய ஆட்சியும் புரட்சியும்' படித்து முடித்தேன். அதிகாரத்தைப் பாரிஸில் குவித்தது 1789 பிரெஞ்சுப் புரட்சி அல்ல, மன்னராட்சிதான் என்கிறார். ஆனால் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியர் காலம் வருவதற்குள் நூல் முடிந்துவிடுகிறது. இதை எப்படிப் படிப்பது? பிரெஞ்சு ஆட்சியில் 'ஈல் த பிரான்ஸ்' என்ற பெயரில் இருந்த நம் மொரிசியஸுக்கு இந்த வாதம் செல்லுமா?

பழைய ஏடு:
அடுத்த பாகத்தை முடிக்காமலே 1859-இல் காலமாகிவிட்டார். புரட்சியின் கதைக்கு வேறு நூல்தான் தேட வேண்டும். இது அதன் காரணங்களைத் தோண்டும் நூல்.

மறுபடி படிப்பதானால் இரண்டாம் பகுதியின் 2, 3ஆம் அத்தியாயங்களை எடுங்கள். வரி, சாலை, படைக்கு ஆள் எடுப்பது எல்லாம் மன்னர் அனுப்பிய நிர்வாக அதிகாரியான இன்டென்டன்ட் கையில். காற்றில் பெயர்ந்த கோயில் கூரையைச் சரிசெய்யக்கூட மன்னர் மன்றத்தின் ஆணை வேண்டும். பிறகு மூன்றாம் பகுதி, 4ஆம் அத்தியாயம்: 16ஆம் லூயி காலத்தில் நாடு செழித்ததே புரட்சியை விரைவுபடுத்தியது என்ற வாதம். கடைசிக் குறிப்புகளைத் தள்ளிவிடாதீர்கள், ஆவணச் சான்று அங்கேதான்.

இடறும் இடம்: அவர் ஆழமாகத் தோண்டியது தூர் நகர ஆவணங்களை. அது இன்டென்டன்ட் நேராக ஆண்ட வட்டாரம். சொந்த மாகாண மன்றம் வைத்திருந்த தெற்கு மாகாணம் லாங்தோக் பிற்சேர்க்கைக்குப் போய்விட்டது. அரசின் கடனுக்கும் நூலில் போதிய இடமில்லை. 1788 கணக்கில் அரசுச் செலவு ஏறத்தாழ 629 மில்லியன் லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்), அதில் பாதிக்கு மேல் கடனுக்கே போனது. இதை விட்டுவிட்டு 1789-ஐ விளக்க முடியாது என்பது என் எண்ணம்.

மோக்கா:
தீவுக்குப் பாதிதான் பொருந்தும் ஐயா. 1767-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து மன்னர் நிர்வாகத்தை ஏற்றார். பாம்பிளமூஸ் தோட்டத்தால் நமக்குத் தெரிந்த பியேர் புவாவ்ர் வந்தது இன்டென்டன்டாகத்தான். கவர்னர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்: ஒரே உறையில் இரண்டு கத்தி.

1790-க்குப் பிறகு கதை திரும்புகிறது. பிரான்ஸில் அதிகாரம் குவிய, இங்கே குடியேறிகளின் மன்றம் அதைப் பாரிஸிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. 1794-இல் பாரிஸின் புரட்சி நாடாளுமன்றமான கன்வென்ஷன் அடிமைமுறையை ஒழித்தது, மன்றம் அமல்படுத்தவில்லை. 1796-இல் அதைச் செயல்படுத்தப் படையோடு வந்த பாக்கோ, புர்னெல் இருவரையும் சில நாள்களிலேயே கப்பலேற்றி அனுப்பினார்கள். 1803-இல் நெப்போலியனின் தளபதி தெகான் வந்து மன்றத்தைக் கலைத்த பிறகுதான் தொக்வில் சொன்ன பாதை மறுபடி தெரிகிறது.

சேன் தெனி:
ஆவணம் பார்க்கப் போகிறவர்களுக்கு: எங்கள் ரீயூனியன் தீவைப் 'பூர்போன்' என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். 1793-இல் ரீயூனியன், 1806-இல் பொனபார்ட், பிறகு மீண்டும் பூர்போன், 1848 முதல் ரீயூனியன்.

புரட்சி அரசு கொண்டுவந்த புதிய நாள்காட்டியும் காலை வாரும். ப்ளூவியோஸ் 5ஆம் மாதம். மாதம் 30 நாள். 2ஆம் ஆண்டு ப்ளூவியோஸ் 16 என்றால் 120 + 15 = 135 நாள். அந்த ஆண்டு பிறந்த 22-9-1793-இலிருந்து தள்ளினால் 4-2-1794, அடிமைமுறை ஒழிப்பு ஆணையின் தேதி. ஆண்டுப் பிறப்பு எப்போதும் செப்டம்பர் 22 அல்ல: 4ஆம் ஆண்டு 23-9-1795, 12ஆம் ஆண்டு 24-9-1803.