புதுப்பிப்பு: தூத்துக்குடி வழியாக அனுப்பும் உறைந்த கணவாய் மீன், மேலடுக்குப் பெட்டிகள் இளகும் சிக்கல்

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்திலிருந்து கப்பலில் போகும் உறைந்த கணவாய் மீனில் மேலடுக்குப் பெட்டிகள் மட்டும் ஏன் இளகுகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில், குளிரூட்டும் கன்டெய்னரை முன்கூட்டியே குளிரவைத்துப் பார்த்தோம். இங்கே எடுபடவில்லை. கதவைத் திறந்ததும் கடற்காற்றின் ஈரம் புகுந்து குளிர்சுருளில் வெள்ளைவெளேரென்று பனியாகப் படிந்துவிட்டது. திறந்தவெளியில் ஏற்றுபவர்கள் குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஏற்றுவதே நல்லது.

பலித்தது, கன்டெய்னருக்குள் வரைந்திருக்கும் சிவப்பு நிறக் கோடு ஒன்றைப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான். உட்சுவரில் உள்ள அந்தக் கோட்டுக்கு மேல் பெட்டி ஏறினால், தரையிலிருந்து எழும் குளிர்காற்று திரும்பிவர வழியில்லை. ஏற்றுகூலிக்காரர்கள் முணுமுணுத்தாலும் மேல்வரிசையைக் குறைத்தோம். சரக்கு மைனஸ் 18 டிகிரியிலேயே இறங்கியது. கிடங்கிலேயே அந்தக் குளிருக்குக் கொண்டுவந்துதான் ஏற்ற வேண்டும். கன்டெய்னர் இருக்கும் குளிரைக் காக்கும், புதிதாக உறையவைக்காது.