இன்லே சாப்வா மீன்: மூக்குச் சிவப்பு படத்தில் ஆரஞ்சாக வருது

யாங்கோன்_தொட்டி:
எல்லாருக்கும் வணக்கம். 60 செ.மீ. தொட்டியில் மியான்மர் இன்லே ஏரியோட சின்ன மீனான இன்லே சாப்வா 10 வச்சிருக்கேன். ஆண் மீனோட மூக்கும் வால் நுனியும் நேரில் பார்த்தா குங்குமச் சிவப்பு, உடம்பு நீலம் ஓடுற வெள்ளி. படத்தில் சிவப்பு ஆரஞ்சாயிடுது, உடம்பு சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி வெளுத்துடுது. ஃபிளாஷை அணைச்சு எடுத்தா குறுக்கே கருப்புப் பட்டை விழுது. 60 எம்எம் மேக்ரோ லென்ஸ், கேமரா தலையில் ஃபிளாஷ், ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) எல்ஈடி விளக்கு, வைட் பேலன்ஸ் (வெளிச்சத்தோட நிறச் சாயலைச் சரிசெய்றது) ஆட்டோ. எங்கே தப்பு?

கண்ணாடிக்கரை:
தம்பி, இவை மூன்று தனித்தனிக் கோளாறுகள்.

சிவப்பு ஆரஞ்சாவதற்கு வெளிச்சம் கூடிப்போனதே முதல் காரணம். ஆர்ஜிபி விளக்கில் சிவப்பு ஓங்கி இருக்கும். மூக்கின் சிவப்பு, படத்தில் பதியும் உச்ச அளவான 255-ஐத் தொட்டு நின்றுவிடும், பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும். சிவப்போடு பச்சை கலந்தால் ஆரஞ்சுதான். ஒற்றை ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) இதைக் காட்டிக்கொடுக்காது. மூன்று நிறத்தையும் பிரித்துக் காட்டுவதைத் திறந்து, சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் வெளிச்சத்தை 2/3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள். ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவில்) எடுத்தாலும் பிக்சர் ஸ்டைல் என்ற நிற அமைப்பை நியூட்ரலில் வையுங்கள். கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக்கை வைத்து வருவது, நிறத்தைத் தூக்கிக் காட்டும் விவிட் இருந்தால் ஏமாற்றும்.

உடம்பு வெளுப்பது ஃபிளாஷ் இருக்கும் இடத்தால். சாப்வாவுக்குச் செதில் கிடையாது. அந்த வெள்ளி, தோலுக்குள் அடுக்கி நிற்கும் குவானின் படிகங்களின் பளபளப்பு. முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் கண்ணாடி போலத் திருப்பி லென்ஸுக்கே அனுப்பும். ஃபிளாஷைக் கழற்றித் தொட்டிக்கு மேலே, முன்கண்ணாடியை ஒட்டி, சற்றே பின்பக்கம் சாய்த்து வையுங்கள். நடுவில் ஒரு டிரேசிங் பேப்பர். மூடிக் கண்ணாடியின் அடியில் கோத்திருக்கும் நீர்த்துளிகளைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மீன்மேல் திட்டுத்திட்டாக நிழல் விழும். ஃபிளாஷைக் கயிறு போட்டுக் கட்டுங்கள், தண்ணீரில் விழுந்தால் ஆபத்து. தொடக்கத்துக்கு ஷட்டர் 1/200, லென்ஸ் துளை எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் கால் பவர். தொட்டி விளக்கை ஃபோகஸ் பிடிக்கும் அளவுக்கு மட்டும் எரிய விடுங்கள்.

ஆட்டோ வைட் பேலன்ஸ் வேண்டாம். பிளாஸ்டிக் கிரே கார்டை (எந்தச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டையை) தண்ணீருக்குள், மீன் நீந்தும் இடத்திலேயே பிடித்து, அதே ஃபிளாஷில் ஒரு படம் எடுங்கள். வெளியே பிடித்து எடுத்தால் பயனில்லை: சாதாரணக் கண்ணாடியில் பச்சைச் சாயல் உண்டு, நாட்டு வாதுமை இலை போட்ட தண்ணீர் தேயிலை நிறம் காட்டும். பிறகு எடிட்டிங் மென்பொருளில், வைட் பேலன்ஸ் கருவியால் அந்தப் படத்தில் கார்டைக் கிளிக் செய்தால் இரண்டும் கழிந்துவிடும், செடியின் நிறம் கெடாது.

மின்விசிறி50:
பட்டை விழுறது எல்ஈடி துடிப்பால. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50 வைங்க. டிம்மர்ல குறைச்சு வச்சிருந்தா துடிப்பு வேற வேகத்துல ஓடும். ஃபிளாஷ் இல்லாம எடுக்கும்போது முழு வெளிச்சத்துக்கு ஏத்திடுங்க. கரண்ட் போயி ஜெனரேட்டர் ஓடுறப்ப எடுக்காதீங்க, அதோட ஹெர்ட்ஸ் நிலையா நிக்காது.

பாசிமணல்:
கேமராவைச் சொன்னீர்கள், மீனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அடியில் வெள்ளை மணல் என்றால் மீன் தானாக வெளிறிவிடும். கருமணலும் கருப்புப் பின்தாளும் போடுங்கள். விளக்கு போட்டு அரைமணி நேரம் கழித்து, இரண்டு ஆண்கள் எதிரெதிரே முறைத்து நிற்கும் நேரம் பார்த்து எடுங்கள். சிவப்புக்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறமியை மீன் தானே உண்டாக்காது. ஆர்ட்டீமியா, சைக்ளாப்ஸ் போன்ற நுண்ணிய நீருயிர்களை இரையாகக் கொடுத்து வந்தால் சில வாரத்தில் தெரியும். லென்ஸ் கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக இருக்கட்டும். சாய்த்தால் சிவப்பின் ஓரம் பிசிறும்.

யாங்கோன்_தொட்டி:
ரொம்ப நன்றி. 2006-ல் மியான்மரில் ஹோப்போங் பக்கம் கிடைச்ச முத்துப்புள்ளி டேனியோ மீனுக்கும் இதே கணக்குதானா?

கண்ணாடிக்கரை:
ஃபிளாஷ் இடமும் கிரே கார்டும் அதேதான். ஆனால் அதன் உடம்பு கருநீலம், கருப்புப் பின்தாளும் சேர்ந்தால் கேமரா இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும், முத்துப்புள்ளி எல்லாம் வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப்போகும். மேனுவலில் வைத்து, புள்ளிக்குள் லேசாக மஞ்சள் தெரியும் வரை ஃபிளாஷைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.