கிரிட்டா படத்தை எந்த ஃபார்மட்டில் சேமிப்பது? ஜேபெக்கில் சிவப்புக் கோடு கலங்குகிறது

மையிழை
வணக்கம். கிரிட்டா ஓவிய மென்பொருளில் வரைந்த படம். ஏ3 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), 8 பிட் ஆர்ஜிபி (திரைக்கான சிவப்பு-பச்சை-நீல நிற முறை). கருநீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோடுகள். 85 தரத்தில் ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்தால் கோட்டின் ஓரமெல்லாம் கலங்கலாகப் பரவுகிறது. 95 வைத்தும் முழுசாகச் சரியாகவில்லை. படத்தைச் சுற்றிக் காலியாக விட்ட இடம் வெள்ளையாகிவிடுகிறது. அச்சகத்தில் சிஎம்ஒய்கே (அச்சு மைகளுக்கான நான்கு நிற முறை) டிஃப் ஃபைல் கேட்கிறார்கள், இணையத்திலும் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைல் போதுமா?

தூரிகைக்காரன்
போதாது நண்பரே. உங்கள் படம் என்பது கிரிட்டாவின் சொந்த .கேஆர்ஏ ஃபைல்தான். லேயர் (அடுக்கு), மாஸ்க் (மறைப்பு) எல்லாம் அதில்தான் இருக்கும். மற்றதெல்லாம் தேவைப்படும்போது அதிலிருந்து எடுக்கிற நகல். ஜேபெக்கைத் திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்காகவே சேமிக்காதீர்கள். 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் அது சுருக்குகிறது, ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் விவரம் போகும்.

சிவப்பு கலங்குவதற்குத் தர எண் மட்டும் காரணமில்லை. ஜேபெக் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும். நிற வேறுபாட்டில் நம் கண் அவ்வளவு கூர்மை இல்லை என்பதால், பெரும்பாலும் 2×2 பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிற மதிப்பை வைத்துக்கொள்ளும். போட்டோவில் இது தெரியாது. ஆனால் கருநீலத்துக்கும் சிவப்புக்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, கோட்டைப் பிரித்துக் காட்டுவதே நிறம்தான். அதைப் போய்க் குறைத்தால் கோடு கரையத்தான் செய்யும்.

எக்ஸ்போர்ட் பெட்டியில் சப்சாம்ப்ளிங் என்ற இடத்தில் 2x2 என்று இருப்பதை 1x1 ஆக்குங்கள். தரம் 90 போதும். போட்டோஷாப்பில் 'சேவ் ஆஸ்' வழியாகச் சேமித்தால், தர எண் 7 முதல் 12 வரை வைக்கும்போது நிறம் குறைக்கப்படாது.

வெள்ளைக்குக் காரணம், ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மைக்கே இடமில்லை. காலியிடம் காலியாகவே வேண்டுமென்றால் பிஎன்ஜி ஃபார்மட்தான்.

அச்சுமை
டிஃப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதலில் .கேஆர்ஏவை வேறு பெயரில் சேமித்து, அந்த நகலில் லேயர்களை ஒன்றாக்குங்கள், அதற்குப் பிறகுதான் சிஎம்ஒய்கே ஆக்க வேண்டும். லேயர்களோடு மாற்றினால், அவற்றைக் கலக்கும் மல்டிப்ளை, ஸ்க்ரீன் போன்ற மோட்கள் வேறு மாதிரி கணக்காகி நிழலும் ஒளியும் மாறிவிடும். அச்சகத்தார் எந்தக் கலர் புரொஃபைல் (நிறங்களை மையாக மாற்றும் குறிப்பு) வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு அதையே தேர்ந்தெடுங்கள். சுருக்கம் எல்இசட்டபிள்யூ வையுங்கள், அதில் தரம் குறையாது.

பளிச்சென்ற நீலமும் சிவப்பும் மங்கித் தெரியும். அந்த நிறங்கள் அச்சு மையின் எல்லைக்குள் இல்லை, ஃபைலில் கோளாறு தேடாதீர்கள்.

ஏ3க்கு 3508×4961 பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். பிக்சல் குறைவாக வைத்துக்கொண்டு டிபிஐ எண்ணை மட்டும் 300 என்று மாற்றினால் படத்தில் ஒன்றும் கூடாது.

மையிழை
1x1 வைத்ததும் கோடு தெளிந்துவிட்டது, மிக்க நன்றி! இன்னும் இரண்டு சந்தேகம். பிஎன்ஜியில் சுருக்க அளவை 9 வைத்தால் தரம் குறையுமா? இணையத்துக்கு வெப்பி (.webp) ஃபார்மட் சரியா?

தூரிகைக்காரன்
குறையாது. 1 வைத்தாலும் 9 வைத்தாலும் பிக்சல் அச்சு அசல் அப்படியே இருக்கும், ஃபைல் அளவும் சேமிக்கும் நேரமும்தான் மாறும். ஏ3 படம் சுருக்காமல், ஒளிபுகும் தன்மையைச் சேர்க்காமல் சுமார் 52 எம்பி. தட்டையான நிறங்கள் என்றால் பிஎன்ஜி அதை நன்றாகவே சுருக்கும், தூரிகைத் தடமும் புள்ளிகளும் நிறைந்த படத்தில் அவ்வளவு குறையாது. பிஎன்ஜியில் சிஎம்ஒய்கே கிடையாது, அதனால் டிஃப்புக்குப் பதிலாக அச்சகத்துக்கு அதைக் கொடுக்க முடியாது.

வெப்பியில் லாஸ்லெஸ் (தரம் குறையாத சுருக்கம்) தேர்ந்தெடுங்கள். தரம் குறைத்துச் சுருக்கும் முறையில் நிறத்தை 2×2 ஆக்குவதை நிறுத்தவே வழியில்லை, பழைய சிவப்புப் பிரச்சினை திரும்ப வரும். ஒரு பக்கம் 16,383 பிக்சலைத் தாண்டினாலும் வெப்பி ஏற்காது. நீளமாக உருட்டிப் படிக்கும் காமிக்ஸ் போடுபவர்கள் இதில் மாட்டுவார்கள்.

அச்சுமை
வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது மறுபடி ஜேபெக்காகச் சுருக்கிவிடும்.

இன்னொன்று, .கேஆர்ஏ என்பது உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். என்றைக்காவது திறக்க மறுத்தால், நகலெடுத்துப் பெயரின் முடிவை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள். ஜிப் பிரிந்தால் லேயர்கள் ஒன்றான முழு அளவுப் படம் பிஎன்ஜியாக உள்ளே இருக்கும்.